மழை விடும்வரை எதையும் தட்டாதே

முரளிக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். காலையில்தான் கற்பகம் போட்டோ அனுப்பினாள். உன் கடை வாசலில் நாற்காலி போட்டு, எட்டு மாத வயிற்றின் மேல் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் யாருடைய ஸ்கூட்டருக்கோ அடியில் நீ படுத்திருக்கிறாய், கால் மட்டும் தெரிகிறது. அதனால் நலம் விசாரிக்கும் வேலை எனக்கு மிச்சம். மாதக் கடைசியில் வளைகாப்பு, அதற்கடுத்து நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பன். கல்யாணமே தாமதமாகத்தான் நடந்தது, அது ஒரு புலம்பல், இப்போது வேண்டாம். உனக்குப் பிள்ளை பிறப்பதற்குள் நான் சொல்லித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் எதையாவது கனமாக ஆரம்பித்தால் உடனே உனக்கு ஒரு கஸ்டமர் வந்துவிடுவார். "சரிம்மா, வெச்சிடறேன்" என்பாய். கடிதம் என்றால் நடுவில் வைத்துவிட்டுப் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

இதை எங்கள் பழைய மென்பொருள் காப்பகத்தின் தமிழ்ப் பக்கத்துக்காக எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடம். வீட்டு விஷயத்தை ஊர் அறிய எழுதுவானேன் என்று நீ முறைப்பாய். உன்னைப் பற்றி நான் தப்பாக ஒன்று சொன்னது பத்துப் பேர் முன்னால். சொன்னது அங்கே, வாபஸ் வாங்குவது மட்டும் உன் காதோடு காதாக என்றால் நியாயமில்லை. ஆனாலும் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ படித்து, போடு என்று சொன்னால்தான் வேறு யார் கண்ணிலும் படும். வேண்டாம் என்றால் நம் இரண்டு பேரோடு நின்றுவிடும்.

நான் ரிட்டயர் ஆன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் எனக்கு இப்போது தெரியும், அதனால் கோபமில்லை. உலகம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய மென்பொருள்களைத் தேடி எடுத்து, பிளாப்பியும் கேசட்டும் மக்கிப் போவதற்குள் பிரதி எடுத்து வைக்கிற ஒரு காப்பகம். கம்பெனி கிடையாது, சம்பளம் கிடையாது, ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து நடத்துவது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கம்: பெயர், எழுதியவர், எந்த ஊர், எந்த மெஷின், ஓடுகிறதா ஓடவில்லையா. அந்தப் பக்கங்களில் தப்பு மலிந்து கிடக்கும். எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருப்பவர் நம்மூர் பிளாப்பியைப் பார்த்தால் என்ன தெரியும்? ஜாதகம் கணிக்கிற புரோகிராமை வானியல் ஆராய்ச்சி என்று வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற புரோகிராம், எழுத்துரு இல்லாமல் கோணல்மாணலாக வந்ததால், ரகசியக் குறியீடு என்று பதிவாகியிருந்தது. இதையெல்லாம் திருத்துவதுதான் என் வேலை. பிறவியிலேயே எனக்குப் பிடித்த வேலை. ஓட்டலுக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்னால் மெனுவில் தப்புக் கண்டுபிடிப்பவள் நான், உனக்குத் தெரியாததா.

அங்கே எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. ஒரு தகவலைத் திருத்தினால் பழையதை அழிக்க முடியாது. சரியானது மேலே வரும், தப்பானது கீழே அப்படியே நிற்கும், யார் எழுதியது, யார் மாற்றியது, எதற்காக மாற்றியது என்ற விவரத்தோடு. முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. தப்பு என்றால் துடைத்துப் போட வேண்டியதுதானே, எதற்குக் காட்சிக்கு வைக்கிறார்கள் என்று நினைத்தேன். போன வாரத்திலிருந்து அந்த எண்ணம் இல்லை.

நீ மறந்திருக்க மாட்டாய், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை மாடியில் நான் பாடம் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரை. அது மூடிப் பல வருஷமாகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஓனர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பிளாப்பிகளை என்னிடம் கொடுத்தார். நம் ஊர்க் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம், பைக் செயினைப் பற்றி நீயே எத்தனை புலம்பியிருக்கிறாய். பிளாப்பிகளின் தகட்டு மூடியெல்லாம் துரு. என்னிடம் இருந்த கருவியில் எதையும் படிக்க முடியவில்லை. புதுச்சேரிக்குப் போய்ப் பெட்டியோடு போலந்துக்குப் பார்சல் அனுப்பினேன். அங்கே மார்த்தா என்று ஒருத்தி, என் வயசுக்காரி, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கெட்டுப்போன பிளாப்பியிலிருந்தும் ஏதாவது எடுத்துவிடுவாள். மேலே தெரியும் கோப்புகளோடு விடமாட்டாள், அழித்துவிட்டு வேறு எழுதிய பிளாப்பியில் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறது என்றும் துழாவுவாள்.

போன திங்கட்கிழமை காலை அவள் கண்டெடுத்தது ஒன்று என் பார்வைக்கு வந்தது. பெயரில்லாத விளையாட்டு, எழுதியவர் தெரியவில்லை, மொழி தெரியவில்லை, மூன்றாவது திரையில் நின்றுவிடுகிறது, எந்தக் கீயைத் தட்டினாலும் பதில் இல்லை, பழுதானதாக இருக்கலாம், நீக்கிவிடலாமா என்று எழுதியிருந்தாள். இப்படி அரைகுறையாகக் கிடைப்பவற்றை, இரண்டு பேர் பழுது என்று ஒப்புக்கொண்டால், இரண்டு வாரத்தில் எடுத்துவிடுவார்கள். வைக்க இடம் போதாது. அன்றைக்கு என் வரிசையில் இருபது பதிவுகள் காத்திருந்தன, அடுப்பில் குழம்பு வேறு. மற்றதன் மேல் கண் மட்டும் போனது, கடைசி வரியைத்தான் படித்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை. 'ஆம், பழுது' என்பதை அழுத்திவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போனேன்.

மத்தியானம் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. அன்றைக்கு உப்பளத்தில் உப்பு வாரிக் குவித்து வைத்திருந்தார்கள். உன் அப்பா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே போனில் கத்துகிறார், "கீத்து போடு! ஏம்பா, கேக்குதா? மொதல்ல கெழக்கால இருக்குறதுக்குக் கீத்து போடு!" இப்போது உப்பை மூடத் தென்னங்கீற்று எங்கே இருக்கிறது, எல்லாம் நீலத் தார்ப்பாய்தான். ஆனாலும் மழை என்றால் அளத்து மேஸ்திரியான அவர் வாயில் கீத்து போடு என்றுதான் வரும். நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் வரப்பின் மேல் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. அப்போதுதான் உறைத்தது. காலையில் மார்த்தாவின் குறிப்பில் நடுவில் இரண்டு ஆங்கில எழுத்துச் சொற்கள் இருந்தன. திரையில் தெரியும் வாசகம் என்று எழுதி, இது எந்த மொழியோ என்று கேள்விக்குறி போட்டிருந்தாள். KEETHU PODU. துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடினேன்.

முரளி, அந்தச் சனிக்கிழமையை இனி சொல்லியாக வேண்டும். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரைப் பெருக்குகிறேன் என்று சாவியை வாங்கிப் போவாய். பிள்ளைக்கு இவ்வளவு பொறுப்பா என்று நானும் பெருமைப்பட்டேன். பெருக்கிய லட்சணம் திங்கட்கிழமை தெரியும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பத்துப் பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, நீ ஒரு பிளாப்பியோடு வந்து நின்றாய். ஒரு கேம் பண்ணியிருக்கிறேன், பார் என்றாய். எனக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. திங்கட்கிழமை பரீட்சை, வெளியூரிலிருந்து ஆள் வருகிறார், பரீட்சைக்கு வேண்டிய பிளாப்பிகளில் பாதி துருப்பிடித்துப் படிக்க மறுக்கிறது. சரி, சீக்கிரம் காட்டு என்றேன். திரையில் கட்டம் கட்டமாகப் பாத்திகள். நீலம் மெல்ல வெள்ளையாகும். ஒரு பொம்மை ஆள் பலகையால் உப்பை இழுத்து வரப்பில் குவிப்பான். வலது பக்கத்திலிருந்து மேகம் வரும், அது வந்து சேர்வதற்குள் குவியலை மூட வேண்டும். வகுப்பே எழுந்து வந்து உன்னைச் சுற்றி நின்றது. அப்புறம் திரை சாம்பல் நிறமானது. புள்ளி புள்ளியாக மழை. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நான் கீயைத் தட்டினேன். இன்னொன்றைத் தட்டினேன்.

"அம்மா, கைய எடு. கொஞ்ச நேரம் இரு."

"என்னத்தடா இருக்கறது? ஹேங் ஆயிடுச்சு."

"ஆவலம்மா. இரும்மா நீ."

"இத்தன கீ தட்றேன், ஒண்ணும் வரலியே? லூப்ல போயி மாட்டிக்கிச்சு. டீச்சர் புள்ள எழுதுற புரோகிராமே இப்படின்னா மத்தவங்கள நான் என்னன்னு கேக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு விட்டேனா? நல்ல பிளாப்பி ஒன்று கையில் கிடைத்துவிட்டதே என்று, உன் கண்ணெதிரே அதை ஃபார்மட் செய்து பரீட்சைக் கோப்புகளை ஏற்றினேன். நீ அழவில்லை, சண்டை போடவில்லை. நாற்காலிகளை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாய். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாவி கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்டபோது, "எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாதும்மா" என்றாய். அதை நான் சொந்தக்காரர்களிடமெல்லாம் ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்ப்யூட்டர் டீச்சர் மகனுக்குக் கம்ப்யூட்டர் ஆகாது என்று. எத்தனை கல்யாண வீடுகளில் சொல்லியிருப்பேன். நீயும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாய். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு நேரம் இல்லாததால் அவசர முறையில் ஃபார்மட் செய்தேன். அந்த முறையில் கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் துடைக்கப்படும், உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். பரீட்சைக் கோப்புகள் முன்பாதியை எடுத்துக்கொண்டன, நீ எழுதிய புரோகிராமின் மூல வரிகள் அதில் போய்விட்டன. ஆனால் நீ கையேட்டைப் பார்த்து நீயாகவே கற்றுக்கொண்டு, அதைத் தனியாக ஓடும் கோப்பாகவும் மாற்றி வைத்திருந்தாய். என் பாடத்தில் அதுவரைக்கும் நான் போனதே இல்லை. அந்தக் கோப்பு பின்பாதியில் தப்பித்துக்கொண்டது. நிதானமாகச் செய்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். என் அவசரத்தால் ஒரு நல்லது நடந்தது என்றால் இது ஒன்றுதான்.

சரி, போன திங்கட்கிழமைக்கு வருகிறேன். பழைய மெஷினைப் போல நடிக்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது, அதில் உன் விளையாட்டை ஓட்டினேன். அதே பாத்தி, அதே பலகைக்காரன். விளையாட்டில் புரட்டாசி மாதம் முடிந்தது, திரை சாம்பலானது, மழை ஆரம்பித்தது, விளையாட்டு அப்படியே நின்றது. உடனே மார்த்தாவுக்கு எழுதினேன்: அவசரப்பட்டுவிட்டேன், இது என் மகன் செய்தது, நீக்க வேண்டாம். அவள் பதில் மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் கறார். யார் செய்தது என்பதல்ல விஷயம், கடைசிவரை ஓடுகிறது என்று காட்ட வேண்டும், நடுவில் வெட்டாத ஒரு வீடியோ வேண்டும். இன்னொன்றும் கேட்டிருந்தாள். அந்த மழைத் திரையில் எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று. பதினைந்து வயசில் நீ 'கொஞ்ச நேரம்' என்றது எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவே இல்லையே. அன்றைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பொறுக்கவில்லை, உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு கீயைத் தட்டினேன். மறுநாளும் ஒரு மணி நேரம், மறுபடி ஒரு தட்டு. நிஜமாகவே ஹேங்தானோ, என் மகன் என்பதால் மனசு அடித்துக்கொள்கிறதோ என்று சோர்ந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அது போய்விடும், துருப்பிடித்த பிளாப்பியை இன்னொரு தடவை மார்த்தாவாலும் படிக்க முடியாது.

அப்போது உன் அப்பா அளத்திலிருந்து வந்தார். தலையில் துண்டு, கால் முட்டிவரை சேறு. திரையைப் பார்த்து நின்றார்.

"என்னா இது, நம்ம அளம் மாதிரி இருக்குது?"

"உங்க புள்ள பண்ணதுதான். சின்ன வயசுல. நின்னு போச்சு."

"எங்க நின்னுச்சு? அதான் மழ பேயுதே."

"ஒரு மணி நேரமா பேயுதுங்க."

"ஐப்பசி மழ ஒரு மணி நேரத்துல வுட்டுடுமா? நீ என்னாத்துக்கு அதுல கைய வெக்கிற? மழைல போயி வரப்பு கட்டுனா கட்டுனது இடியும், மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும். மூணு மாசம் அளத்துக்காரன் என்னா பண்ணுவான்? சும்மாதான் இருப்பான். தையிலதான் எறங்குவான். நீயும் சும்மா இரு."

நான் சும்மா இருக்கிற ஆளா? அவருக்கு அது தெரியும். கீபோர்டைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, கொண்டுபோய் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். அதற்குமுன் நான் ஓட்டத்தை மட்டும் முதலிலிருந்து தொடங்கி, மழைத் திரைவரை கொண்டுவந்து விட்டேன். கால் கழுவிக்கொண்டு வந்தார், சாப்பிட்டோம். நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் உன் சம்பந்தப்பட்ட எதையும் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். தொண்ணூறாவது நிமிஷம் மழை விட்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, நாளுக்கு ஒரு நிமிஷம் வைத்திருக்கிறாய். நடுவில் யாராவது எதையாவது தட்டினால் ஐப்பசி ஒன்றிலிருந்து மறுபடி. ஒன்றரை மணி நேரம் அம்மாவை உட்காரச் சொல்லியிருக்கிறாய், அதுவும் பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை. கொழுப்புதான் உனக்கு.

சாம்பல் நிறம் விலகியது. பாத்திகளில் புதுத் தண்ணீர் ஏறியது. கீழே ஆங்கில எழுத்தில் தமிழாக, தை மாசம், உள்ளே வாங்க என்று வந்தது. அதற்கும் கீழே இரண்டு வரி. ஒன்று E. MURALI, 10 B. அடுத்தது TEACHER: AMMA.

நான் எழுப்புவதற்குள் உன் அப்பா விழித்துக்கொண்டார், நான் அழுத சத்தத்தில். திரையைப் படித்துக் காட்டினேன். "எம் பேரு எங்க?" என்றார். அந்த E நீங்கள்தான், ஏழுமலை, என்றேன். "அந்த ஒத்த எழுத்தா நானு? கீபோர்ட புடுங்கி வெச்சது யாருன்னு எழுதி அனுப்பு அந்தம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் தூங்கவில்லை. கண்ணோரம் ஈரம் இருந்ததை நான் பார்த்தேன், கேட்டால் வேர்வை என்பார்.

மறுநாள் இன்னொரு தடவை ஓட்டி, வெட்டாத வீடியோவாக அனுப்பினேன். மார்த்தா முழுவதையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இரண்டு தடவை டீ போட்டுக் குடித்தேன், கீயைத் தட்டியதற்கு உன் மகனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று எழுதினாள். பழுது என்ற குறிப்பை அவளே மாற்றிவிட்டாள். இப்போது அந்தப் பக்கத்தில் 'ஓடுகிறது' என்று இருக்கிறது. பயன்படுத்தும் முறை என்ற இடத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: மழை விடும்வரை எதையும் தட்டாதே. கீழே பழைய பதிவுகளும் நிற்கின்றன. மார்த்தாவின் 'பழுதானதாக இருக்கலாம்', அதற்கடியில் என் பெயரோடு 'ஆம், பழுது'. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் சுருக்கென்கிறது. இருக்கட்டும். இரண்டாம் தடவையும் கடைசிவரை பார்க்காமல் உன்னைத் தப்பு என்று சொன்னது நான்தான், அது பதிவில் இருப்பதுதான் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு, இவன் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிருக்கலாம் என்று அம்மா இப்போது அழப்போகிறாள் என்று நினைக்காதே. உன் கடையில் நான் பார்த்த ஒன்று சொல்கிறேன். கடை திறந்த அன்று நான் வந்து என்ன செய்தேன்? உன் டூல்ஸ் எல்லாவற்றையும் பெரிசு சின்னது என்று வரிசையாக அடுக்கினேன். நீ எந்த வேலைக்கு எது முதலில் வேண்டும் என்று வைத்திருந்தாயாம். நான் பஸ் ஏறியபிறகு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பழையபடி மாற்றினாய் என்று கற்பகம்தான் பின்னால் சொன்னாள். இன்னொரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மா எலக்ட்ரிக் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று கடையில் மோட்டார் போச்சு என்று சொல்லிவிட்டார்களாம். நீ கழற்றவே இல்லை. சும்மா நிழலில் நிறுத்தி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தாய். எனக்குப் பொறுக்கவில்லை, "ஏன்டா, அவங்க நிக்கிறாங்க பாரு, எதையாவது பண்ணு" என்றேன். "இரும்மா, சூடு எறங்கட்டும்" என்றாய். சூடு இறங்கியதும் அது ஓடியது. அந்த நிதானம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு யோசித்தேன். பதினைந்து வயசிலேயே உன்னிடம் இருந்ததுதான். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால் நீ இழந்தது வேலையை என்று நான் சொல்லமாட்டேன். நீ செய்தது சரிதான் என்று யாராவது ஒருவர், அதுவும் நான், சொல்லிக் கேட்பது உனக்குக் கிடைக்கவில்லை. அதைத்தான் இப்போது சொல்கிறேன். அது ஹேங் ஆகவில்லை. லூப்பில் மாட்டவில்லை. நீ செய்தது சரி. சரியில்லாமல் போனது என் பொறுமை. என்னை மன்னித்துவிடு.

புத்தி சொல்லாமல் கடிதம் முடித்தால் அது உன் அம்மா எழுதியது என்று நீயே நம்ப மாட்டாய். ஒன்றுதான் சொல்கிறேன். உன் பிள்ளை ஒரு நாள் எதையாவது செய்துகொண்டு வந்து நிற்கும். உனக்கு அது அரைகுறையாகத் தெரியும். நின்றுபோன மாதிரி தெரியும். அப்போது இது என்ன என்று கேட்காதே, இதற்கப்புறம் என்ன வரும் என்று கேள். கேட்டுவிட்டு உட்கார். உனக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று தெரிகிறது, ஸ்கூட்டருக்கே உட்காருகிறவன் நீ. ஆனால் உன் பிள்ளைக்குப் பாட்டியாகப் போகிற ஆயா ஒருத்தி இங்கே இருக்கிறாள், அவளுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். அவள் பக்கத்தில் வந்தால் அவளிடமும் ஒரு தடவை சொல்லிவை, கைய எடு, கொஞ்ச நேரம் இரு என்று. இந்தத் தடவை கேட்பாள்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது இரண்டு. அந்தப் பக்கத்தில் எழுதியவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. திரையிலேயே பெயர் வந்துவிட்டதே, போட்டுவிடலாமே என்று மார்த்தா சொல்கிறாள். நான் போடவில்லை. உயிரோடு இருக்கிறவரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. விதி இல்லாவிட்டாலும் கேட்டிருப்பேன். உன்னைக் கேட்காமல் உன் பிளாப்பியில் நான் எழுதியது ஒரு தடவை போதும். உன் பெயர் அங்கே இருக்க உனக்கு விருப்பமா என்று சொல். வேண்டாம் என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், நான் கேள்வி கேட்கமாட்டேன்.

இரண்டாவது, மார்த்தா இன்னொரு பிழையும் குறித்திருக்கிறாள். மழைக்கு முன்னால் வரப்பில் தெரிகிற குவியல் ஐந்து. ஆனால் மேலே எண்ணிக்கையில் ஆறு என்று வருகிறது. எத்தனை தடவை ஓட்டினாலும் அப்படித்தான். எனக்கு இது நிஜமான பிழை என்றுதான் படுகிறது. பத்தாவது படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூடுதலாக எண்ணுவது சகஜம், என் மாணவர்கள் எல்லோரும் செய்த தப்பு. ஆனால் மழை விஷயத்தில் பட்ட சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் மார்த்தாவுக்கு ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. செய்தவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

உன் பதில் வரும்வரை அந்தப் பக்கத்தில் நான் கை வைக்க மாட்டேன். ஸ்கூட்டர்களையெல்லாம் அனுப்பிவிட்டு மெதுவாகவே எழுது. கற்பகத்தை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைக்காதே.

அம்மா

பிறகு சேர்த்தது: கடிதம் அனுப்பிய மூன்றாம் நாள் வாட்ஸப்பில் பதில் வந்தது. ஒரு எழுத்தும் திருத்தாமல் இங்கே போடுகிறேன். "படிச்சேன்மா. எல்லாரும் படிக்கட்டும், போடு. பேரும் போட்டுக்கோ, எம் பேருக்குக் கீழ இருக்குற ரெண்டாவது வரியயும் சேத்துப் போடணும், இல்லன்னா வேணாம். குவியல் ஆறுதாம்மா, தப்பு இல்ல. ஆறாவது எங்க இருக்குதுன்னு ஞாயித்துக்கெழம வந்து காட்டறேன். அதுவரைக்கும் எதையும் தட்டாத."